யோசனையும் மாதச் சுகவீனமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. மலருக்காகச் சில இடங்கள் விரித்து எழுதப்பட்டுள்ளன.)



சுகாதாரம் பற்றி ஒரு பேச்சு வேண்டும் என்று கேட்டபோது சங்கத்தார் நினைத்தது நீரிழிவை. நீரிழிவு பற்றி எல்லா மலரிலும் ஒரு கட்டுரை இருக்கிறது. நாங்கள் மாதவிடாயைப் பற்றிக் கதைக்கப் போகிறோம் என்றோம். தொலைபேசியில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "மேடையிலயோ? ஆம்பிளையளும் வருவினமே" என்றார் செயலாளர் அக்கா. வரட்டும். அவர்களுடைய வீட்டிலும் மாதாமாதம் நடக்கிற காரியந்தானே.

எங்கள் ஊரில் 'யோசனை' என்ற சொல்லுக்குத் தனியான ஒரு பொருள் உண்டு. வேறு இடங்களில் யோசனை என்றால் ஆலோசனை, திட்டம். வன்னியில் அது மனதைக் கிடந்து அரிக்கும் கவலை. "அவ கனக்க யோசிக்கிறா" என்றால் அந்தப் பெண் இரவில் நித்திரை கொள்வதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்று விளங்கிக்கொள்வோம். கிளினிக்கில் வந்து கதிரையில் இருக்கும் பெண்களில் எத்தனையோ பேர், நாங்கள் ஒரு கேள்வியும் கேட்க முன்னரே காரணத்தையும் சொல்லிவிடுவார்கள். "மூண்டு மாசமா வரேல்ல டொக்டர். யோசனையாலதான் எண்டு நினைக்கிறன்." "மாசத்தில ரெண்டு தரம் வருது. யோசனையாக்கும்." சிலவேளை கூட வந்த மாமியார் சொல்லுவார்: "இவவுக்கு வருத்தம் ஒண்டுமில்லை டொக்டர், சும்மா யோசிக்கிறதுதான்."

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதியால் உயிர் போயிருக்கிறது. இன்றைக்கு அந்த இரண்டு பாதியையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றே வந்தோம்.

உண்மையான பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் 'பரிவகக்கீழ்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பகுதி. மாதவிடாய் தொடங்கும் இடம் கருப்பை என்று நினைக்கிறோம்; உண்மையில் அதன் தொடக்கம் இங்கேதான். பரிவகக்கீழ் ஒரு ஹோர்மோனைத் துளித்துளியாக, விட்டுவிட்டு, கபச்சுரப்பிக்கு அனுப்புகிறது. சுழற்சியின் முற்பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புக்கு ஏற்பக் கபச்சுரப்பி சூலகத்தைத் தூண்ட, சூல் முதிர்ந்து வெளியேற, கருப்பையின் உட்படலம் தடித்து, கரு தங்காவிட்டால் இரண்டு கிழமை அளவில் உதிர்கிறது. அந்த உதிர்வைத்தான் நாங்கள் காண்கிறோம்.

இதில் யோசனை எங்கே நுழைகிறது? இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு முன்னர் கூட்டம் வைக்கிறார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். தண்ணீர் குறைவென்றால் விதைப்பைக் குறைப்பார்கள். வயலில் பிழையில்லை, விதைநெல்லிலும் பிழையில்லை, கமக்காரரும் தயார். ஆனாலும் அந்த முறை விதைப்பில்லை. பரிவகக்கீழும் இதையேதான் செய்கிறது. உடம்பில் சத்து இருக்கிறதா, நித்திரை இருக்கிறதா, ஆபத்து நெருங்குகிறதா என்று பார்த்து, 'இது பிள்ளை சுமக்கிற காலமில்லை' என்று கண்டால் துடிப்பைக் குறைக்கிறது. ஆபத்துக் காலத்தில் அதிரினல் சுரப்பி விடும் கோர்ட்டிசோலும், அந்தச் சுரப்பியை ஏவிவிடும் மூளை ஹோர்மோனும் இந்தத் துடிப்பை அமர்த்துகின்றன.

துடிப்பு கொஞ்சம் குறைந்தால் சூல் வெளியேறும், ஆனால் பிற்பாதி பலவீனமாகும். தீட்டு முந்தி வரலாம், துளித்துளியாகப் படலாம். இன்னும் குறைந்தால் சூல் முதிராது. மாதம் தவறும், பிறகு வரும்போது கட்டிகட்டியாக அள்ளிக்கொண்டு வரும். மிகவும் குறைந்தால் முற்றாக நின்றுவிடும். ஆகவே "யோசனையால் நிண்டுபோச்சு" என்பதும், "யோசனையால் கூடிப்போச்சு" என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் நடக்கும். ஆனால் ஒரு பெண்ணில் அது யோசனையால்தானா என்று தீர்மானிப்பதற்கு வழி வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

இந்த அறிவு வைத்தியத்துக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போரில் ஜெர்மனியில் ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றபோது அதற்கு 'போர்க்கால மாதவிடாய் நிறுத்தம்' என்றே பெயர் வைத்தார்கள். இரண்டாம் போரில் 1944, 45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தபோது, பஞ்சம் பிடித்த நகரங்களில் ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்கு நின்றது. அது பட்டினி என்று சொல்லலாம். ஆனால் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட பெண்களைப் பார்த்த வைத்தியர்கள் வேறொன்றையும் கவனித்தார்கள். சிலருக்கு அடைக்கப்பட்ட முதல் மாதத்திலேயே, பட்டினி உடம்பைத் தொட முன்னரே நின்றிருந்தது.

மிகவும் கொடுமையான பக்கம் பெர்லினில் எழுதப்பட்டது. ஹெர்மன் ஸ்டீவ என்ற உடற்கூற்றியல் பேராசிரியர், நாஸிகளின் சிறையில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட பெண்களின் உடல்களைப் பெற்று, தண்டனையை எதிர்பார்த்திருந்த காலத்தில் அவர்களின் சூலகத்தில் என்ன நடந்தது என்று ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். அச்சம் பெண்ணின் சூலகத்தைத் தாக்கும் என்று வைத்திய உலகம் படித்ததில் ஒரு பங்கு இப்படி வந்தது. போர் முடிந்தபின் அவர் கொடுத்த பட்டியலில் 182 பெயர்கள் இருந்தன, பெரும்பாலானவை பெண்களுடையவை. அந்த உடல்களிலிருந்து எடுத்த நுணுக்குக்காட்டித் தகடுகள் 2019 மே மாதத்தில்தான் பெர்லின் மயானம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டன. மே மாதம் என்றால் எங்களுக்கு என்னவென்று இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருவோம்.

எங்கள் வகுப்பு பெரியபிள்ளையானது தொண்ணூறுகளின் முற்பகுதியில். பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்ப்பு. பழைய சீலையைக் கிழித்துப் பாவித்து, கழுவி, வெளியே காயப்போட வெட்கப்பட்டு, கொட்டிலுக்குள் ஈரம் காயாமல் மறுபடியும் பாவித்தோம். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து, பெருந்தொகையானோர் கடலேரி கடந்து எங்களிடம் வந்தார்கள். ஒரு வளவுக்குள் ஐந்து குடும்பம், ஒரு கிணறு, ஒரு மறைப்பு. அடுத்த வருடமே கிளிநொச்சியும் கிளம்பியது: அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று. மர நிழலில் பாடசாலை. அந்த நாட்களில் பெரியபிள்ளையான தங்கச்சிமாருக்கு உளுத்தங்களியும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. தண்ணி வார்க்க ஒரு மறைவிடம் கிடைத்ததே பெரிய காரியம். சாமத்திய வீட்டை இரண்டு மூன்று வருடம் கழித்துச் செய்த குடும்பங்களும் உண்டு. எங்களில் சிலருக்கு முதல் தடவை வந்தபின் ஆறு மாதம், ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. அம்மாமாருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தீட்டில்லாவிட்டால் துணி மிச்சம் என்று பகிடியாகச் சொன்ன பெரியம்மா ஒருவரை எங்களுக்குத் தெரியும். அது பகிடியா இல்லையா என்று இப்போதும் யோசிக்கிறோம்.

2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டுபோனது. பிறகு 2008, 2009. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வலைஞர்மடம், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால். பங்கருக்குள் மாதவிடாய் வந்த பெண்கள் மண்ணையும் சாம்பலையும் துணிக்குள் வைத்துக் கட்டியதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு சிலர், "அந்த ஆறு மாசமும் எங்களுக்கு வரவேயில்லை, கடவுள் தந்த புண்ணியம்" என்றார்கள். கடவுள் அல்ல, பரிவகக்கீழ். ஆனால் அவர்களைத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை. அதன்பின் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறக்குறைய மூன்று இலட்சம் பேரில் பெரும்பகுதியினர் செட்டிகுளம் மெனிக்பாமில் இருந்தார்கள். எங்கள் வகுப்பில் சிலர் முள்வேலிக்கு உள்ளே, சிலர் வெளியே. 2012 செப்ரெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது.

போர் ஓய்ந்தால் துடிப்பு தானாகத் திரும்ப வேண்டும். பலருக்குத் திரும்பியது. முகாமில் ஒரு நேரச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்து, கொஞ்சம் நித்திரையும் கொண்ட சில மாதங்களில் வந்துவிட்டது என்றவர்கள் நிறையப் பேர். உடம்பு அவ்வளவு பிடிவாதமாக உயிர்வாழப் பார்க்கிறது. எங்களை இன்றைக்குக் கவலைப்படுத்துவது அதுவல்ல. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் யோசனை முடியாத பெண்களைப் பற்றியே கவலை.

'நாட்பட்ட மன அழுத்தம்' என்று நாங்கள் எழுதுவது இதைத்தான். சிங்கம் துரத்தினால் ஓடுவதற்காகப் படைக்கப்பட்ட பொறிமுறை, கிழமைக்கடன் கட்டுகிற நாள் வந்தாலும் அப்படியே வேலை செய்கிறது. மீள்குடியேறியபின் வன்னிக்குள் புகுந்த நுண்கடன் கம்பனிகளின் ஆட்கள் வாசலில் வந்து நின்றால் சத்தமில்லாமல் பின்பக்கத்தால் காணிக்குள் போய் ஒளித்த பெண்களை உங்களில் சிலர் அறிவீர்கள். சிலர் நீங்களாகவே இருக்கலாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கணவன் இல்லாத வீடு அல்லது கணவன் இருந்தும் மாலையானால் குடித்துவிட்டு அடிக்கிற வீடு. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது சுகாதாரத் துவாயின் விலை எங்கே போனது என்று நினைவிருக்கும்; எங்கள் பிள்ளைகள் மறுபடி சீலைக்கே திரும்பினார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதையடுத்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும். தாய்மாரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பந்தலில் மனைவிமாரும் இருந்தார்கள். கணவனைக் கையளித்தபோது அவர்களில் பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இப்போது மாதவிடாய் முற்றாக நிற்கிற வயதை நெருங்குகிறார்கள். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத ஒரு வாழ்க்கையில், இன்னொரு பிள்ளை என்ற கதவும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. "யோசிக்காதேங்கோ அம்மா" என்று இவர்களிடம் சொல்லிக் குளிசை எழுதிக் கொடுப்பதற்கு எங்களுக்கு நாக்குக் கூசுகிறது.

2009இன் நடுப்பகுதியில் யாழ் மாவட்டத்தில் செய்யப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களில் 41.8 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் 48.5 வீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. அது யாழ்ப்பாணத்துக் கணக்கு. கடைசிவரை நின்று வந்த வன்னிச் சனத்தின் நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற எங்கள் உளமருத்துவர்கள் தனி ஆளின் மனவடுவோடு நிற்காமல், ஒரு சமூகமே காயப்பட்டுப்போகும் 'கூட்டு மனவடு' பற்றியும் நீண்ட காலமாக எழுதி வருகிறார்கள். அந்தக் காயத்துக்கு மாதந்தோறும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறதென்றால் அது பெண்களின் உடம்பில்தான் இருக்கிறது. அதை ஒருவரும் திறந்து வாசிப்பதில்லை.

வயிற்றுநோவையும் சொல்லிவிடுவோம். சீனாவில் அன்கிங் என்ற இடத்துப் பெண்கள் 388 பேரை நாளாந்தம் குறிப்பெழுதச் சொல்லிச் செய்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. முந்திய சுழற்சியில் அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த தீட்டில் நோவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் கூட. இதை வாசித்தபோது எங்களுக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக விடியப்புறம் ஐந்து மணிக்குச் சந்தியில் நிற்கும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு, மலசலகூடத்துக்குப் போக அனுமதி கேட்கிற கூச்சம். நோவுக்குக் குளிசை கேட்டு வருகிறவர்களில் அவர்கள் அதிகம். "பிள்ளை பெத்தால் சரியாயிடும்" என்று வீட்டில் சொல்லுகிறார்களாம். பாடசாலைக்கோ வேலைக்கோ போக முடியாத நோவு சாதாரணமானதல்ல. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற வருத்தம் இருக்கலாம். காட்டிப் பார்க்க வேண்டும்.

இனி அந்த மற்றப் பாதி.

கிளினிக்கில் திரும்பத் திரும்பக் காண்பவற்றைக் கலந்து சொல்கிறோம். இதில் எவருடைய கதையும் முழுதாக இல்லை. நாற்பது வயதுப் பெண். கணவன் இல்லை. இரண்டு வருடமாக மாதம் பத்து நாள், பன்னிரண்டு நாள் இரத்தம் போகிறது. வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும்: யோசனை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, அதுவும் யோசனை. ஒருநாள் வயலில் மயங்கி விழுந்து கொண்டுவருகிறார்கள். ஹீமோகுளோபின் ஐந்து. ஸ்கான் செய்தால் கருப்பையில் தேங்காய் அளவு கட்டி. கட்டியை அகற்றியபின் இரத்தமும் நின்றது, மூச்சும் வந்தது. யோசனை மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அவருடைய வருத்தத்துக்கு அது காரணமாக இருந்ததேயில்லை.

இன்னொருவருக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் சொட்டு இரத்தம். "மகன்ர யோசனையில திரும்பி வந்திட்டுது போல" என்று எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது கருப்பை உட்படலப் புற்றுநோய். மூன்றாமவர் சின்னப் பெண். ஐந்து மாதமாக வரவில்லை, உடம்பு மெலிகிறது, நெஞ்சு படபடக்கிறது. பார்த்தால் தைரொயிட்.

'யோசனையால்' என்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம். மற்ற எல்லாவற்றையும் பார்த்து விலக்கியபின் மட்டுமே அந்தச் சொல்லைச் சொல்லலாம். முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். வயது, நிலைமை எதுவானாலும். பிறகு இரத்தச்சோகை, தைரொயிட், புரோலக்ரின், தேவையானால் ஸ்கான். உடம்பு வைத்து, முகத்தில் மயிர் முளைத்து, மாதம் தள்ளித் தள்ளி வந்தால் சூலகத்தில் பல நீர்க்கட்டி வருகிற அந்த வருத்தம் இருக்கலாம். கம்பகா மாவட்டத்தில் செய்த ஆய்வில் 15 முதல் 39 வயதுப் பெண்களில் 6.3 வீதமானோருக்கு அது இருந்தது.

குடும்பத் திட்டமிடலுக்கு டெப்போ ஊசி போடுகிறவர்களுக்கு மாதவிடாய் நிற்பது அந்த மருந்தின் இயல்பு. இரத்தம் உள்ளே தேங்கி மூளைக்கு ஏறும் என்ற பயம் எங்கள் ஊரில் பரவலாக இருக்கிறது. தேங்குவதற்கு உள்ளே இரத்தமே இல்லை. உட்படலம் மெல்லியதாகிவிடுகிறது, அவ்வளவுதான். இதைவிட முக்கியமானது இன்னொன்று. உளநலப் பிரிவில் தரும் றிஸ்பெரிடோன் போன்ற சில குளிசைகள் புரோலக்ரினைக் கூட்டி மாதவிடாயை நிறுத்தும். அதைக் கண்டு பயந்து தாங்களாகவே குளிசையை நிறுத்திவிட்டு, வருத்தம் திரும்பி, வீடே குழம்பிய சம்பவங்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். வந்து சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம்.

எப்போது வர வேண்டும் என்று தங்கச்சிமார் கேட்பீர்கள். ஒரு தீட்டின் முதல் நாளிலிருந்து அடுத்த தீட்டின் முதல் நாள்வரை 24 முதல் 38 நாள் என்பது வளர்ந்த பெண்ணுக்குச் சாதாரணம். பெரியபிள்ளையாகி முதல் இரண்டு மூன்று வருடம் முன்பின்னாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். எட்டு நாளைத் தாண்டிப் போனால், மணிக்கொரு தரம் துவாய் நனைந்தால், மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், இடையிலோ உறவுக்குப் பின்னரோ இரத்தம் பட்டால் வர வேண்டும். முற்றாக நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்தக் கிழமையே வர வேண்டும். அதில் பேரம் இல்லை. நாற்பதுக்கு முன்னரே நின்றுவிட்டால் "நல்லது, தொல்லை விட்டுது" என்று இருந்துவிடாதீர்கள். ஈஸ்திரோஜன் இல்லாத உடம்பில் எலும்பு கரைகிறது. ஐம்பதில் விழுந்து இடுப்பு முறிந்து வருகிறவர்களுக்கு அந்த நாள் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

எல்லாப் பரிசோதனையும் சரி, காரணம் அழுத்தந்தான் என்று வந்தால்? அப்போதுதான் யோசனைக்கு மரியாதை கொடுக்க வேண்டும். 'சும்மா' என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைக்கக்கூடாது. அழுத்தத்தால் மாதவிடாய் நின்ற 16 பெண்களை வைத்து அமெரிக்காவில் 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்டுப் பேருக்கு ஹோர்மோன் குளிசை எதுவும் கொடுக்காமல் இருபது கிழமை உளவளச் சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். ஆறு பேருக்குச் சூல் வெளியேற்றம் திரும்பியது. சும்மா அவதானிக்கப்பட்ட மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டுமே முழுதாகத் திரும்பியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் மூளைக்குச் சொல்லும் வார்த்தை சூலகம்வரை போய்ச் சேருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் வன்னிப் பெண்ணிடம் மூச்சுப்பயிற்சி செய்யுங்கோ, பாட்டுக் கேளுங்கோ என்று மட்டும் சொல்லி அனுப்புவது எங்களுக்கு உடன்பாடில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது எந்த மூச்சை இழுப்பது? மூச்சுப்பயிற்சி நல்லது, நாங்களும் சொல்லிக்கொடுக்கிறோம். அதோடு கடனை ஒழுங்குபடுத்தப் பிரதேச செயலகத்தில் யாரைக் காண வேண்டும், அடிக்கிற வீட்டிலிருந்து வருகிறவர் வைத்தியசாலையிலுள்ள 'மிதுரு பியச' நிலையத்தில் எப்படிக் கதைக்கலாம், உளநலப் பிரிவு எந்த நாளில் என்பதையும் எழுதிக்கொடுக்க வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். மருந்தும் தேவைப்படலாம்: அதிக இரத்தத்தைக் குறைக்கவும், இரும்புச்சத்தை மீட்கவும், எலும்பைக் காக்கவும். ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று இல்லை. சாப்பாடும் அப்படித்தான். பிள்ளைகளுக்குப் போட்டு மிச்சத்தை உண்ணுகிற தாயின் பரிவகக்கீழ் அந்தக் கணக்கையும் பார்க்கிறது.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் அக்காமாரே, இது இங்குள்ளவர்களின் கதை என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ரொறன்ரோவில் பகலில் ஒரு வேலை, இரவில் முதியோர் இல்லத்தில் இன்னொரு வேலை. லண்டனில் விசா முடிவுக்காக ஏழு வருடம் காத்திருப்பு. ஊரில் தம்பிக்குக் காசு, தங்கச்சிக்குச் சீதனம். மாறி மாறி வரும் இரவு வேலை மாதவிடாய்ச் சுழற்சியைக் குழப்பும். வட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன. அங்கே வைத்தியரிடம் தமிழில் சொல்ல முடியாததால் சொல்லாமலே விட்டது என்கிறீர்கள். 'யோசனை' என்பதை அவர்களுக்கு எந்த மொழியிலும் மொழிபெயர்க்க வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை நாள் போகிறது, ஒரு நாளில் எத்தனை துவாய் என்ற மூன்று எண்களைச் சொல்லுங்கள். எண்களை எந்த வைத்தியரும் தட்டிக்கழிக்க மாட்டார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டப் பணம் சேருகிறது என்று அறிகிறோம். வளைவு அழகாக இருக்கும். அதற்கு முன்னர், பின்பக்கத்து மலசலகூடங்களை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கதவுக்குக் கொளுக்கி, குழாயில் தண்ணீர், பாவித்த துவாயைப் போட மூடியுள்ள வாளி, அதை எரிக்க ஓரிடம். இவ்வளவும் இல்லாததால் காலையிலிருந்து இரண்டு மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்த நாட்களில் 'தலையிடி' என்று விடுமுறைக் கடிதம் கொண்டுவருகிறார்கள். 2024இல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் துவாய் வாங்க வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். துவாயை மாற்ற இடம் கட்டிக்கொடுப்பது எங்களால் முடிந்த காரியம். செலவை மதிப்பிட்டுப் பார்த்தோம். வளைவின் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு அறையில் பொதுசுகாதார மாதுவோ ஒரு ஆசிரியையோ மாதத்தில் ஒருநாள் இருந்து பிள்ளைகளோடு கதைத்தால் அதற்குச் செலவே இல்லை.

35 வயதிலும் 45 வயதிலும் உள்ளவர்களுக்கு உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். 1996இலிருந்து நடக்கிறது, எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் இன்னும் போகவில்லை என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் விசாரித்து அறிந்தோம். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. போகும்போது கடைசி மூன்று தீட்டின் முதல் நாளையும் கலண்டரில் குறித்துக் கொண்டுபோங்கள். குறித்துவைக்காதவர்கள் இன்றைக்கே தொடங்குங்கள். கோயில் கலண்டரில் என்றால் ஓரத்தில் ஒரு புள்ளி போதும். பேச்சு முடிந்தபின் நூலகத்துப் பக்கம் இருப்போம். மேடையில் கேட்க முடியாததை அங்கே வந்து கேட்கலாம். கதவைச் சாத்திவிட்டுக் கதைப்போம்.